ஒருமுறை சொன்ன வேண்டாம்

போன சனிக்கிழமை ஒரு படத்தைக் கைநழுவ விட்டுவிட்டு, ஸ்டோவ்னரில் இருக்கும் வீடு வரை டி-பானே என்னும் சுரங்க ரயிலில் முகத்தைத் தொங்கப்போட்டபடி வந்தேன்.

என் பைத்தியம் உங்களுக்குத் தெரியும். பழைய படப்பத்திரிகைகள் சேர்ப்பது. அதிலும் மொர்மன் சமயத்தவர்கள் அமெரிக்கப் பாலைநிலத்தில் குடியேறிய கதையைப் படம் போட்டுச் சொன்னவை மட்டும். யாழ்ப்பாணத்தானுக்கு மொர்மன்களோடு என்ன கொடுக்கல் வாங்கல்? என் மனைவியும் இதைத்தான் கேட்பாள். விரட்டப்பட்ட சனம், தள்ளுவண்டியில் சட்டிபானையோடு நடக்கிறது... நாங்கள் இடம்பெயர்ந்தபோது சைக்கிளில் கட்டிக்கொண்டு நடந்தோம். அவ்வளவுதான் வித்தியாசம்.

அந்தத் தள்ளுவண்டிப் படம் வந்த பத்திரிகை மட்டும் என்னிடம் இல்லை. பழம்பொருள் சந்தையில் அறிமுகமான இங்கெர் என்ற ஓய்வுபெற்ற ஆசிரியை, தன்னிடம் இருப்பதாகச் சொல்லி வீட்டுக்குக் கூப்பிட்டார். அவருடைய பூட்டனாரின் தங்கை மொர்மனாகி, அவர்கள் குடியேறிய யூட்டாவுக்குப் போனவராம்.

"கோப்பி?" என்றார்.

"வேண்டாம்" என்றேன். தனக்கு மட்டும் ஊற்றிக்கொண்டார். அப்போதே எனக்கு விளங்கியிருக்க வேண்டும்.

பத்திரிகையை விரித்தார். அதே படம்! "உங்களுக்குத்தான், எடுத்துக்கொள்ளுங்கள்" என்றார்.

"ஐயோ, வேண்டாம். உங்கள் வீட்டுப் பொருள்" என்றேன்.

நம் வழக்கம் அதுதானே? முதல் தடவை மறுக்க வேண்டும், அடுத்த தடவை தயங்க வேண்டும். பிறகு அவர்களே கையில் திணிப்பார்கள். இங்கெர் தலையாட்டிவிட்டு, பத்திரிகையை மடித்து அலமாரியில் வைத்துவிட்டார்.

வீட்டில் மனைவி விழுந்து விழுந்து சிரித்தாள். "இவ்வளவு காலமா இஞ்சை இருக்கிறியள். இந்த நாட்டுச் சனத்துக்கு வேண்டாமெண்டா வேண்டாந்தான் எண்டு இன்னும் தெரியாதோ? வெக்கத்தை விட்டிட்டு போன் எடுத்துக் கேளுங்கோ."

எடுத்தேன். நம் வழக்கத்தை விளக்கினேன். மறுமுனையில் அவரும் சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் சிரிக்கவில்லை.

"பூட்டனார் தங்கையைத் திரும்பி வரச்சொல்லி ஒருமுறை கேட்டாராம்" என்றார் மெதுவாக. "அவள் மாட்டேன் என்றாளாம். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் யாரும் கேட்கவேயில்லை. இன்னொருமுறை கேட்டிருக்கலாம், இல்லையா?"

கேட்டிருக்கலாம் என்று மட்டும் சொன்னேன். "நாளைக்கு வாருங்கள்" என்றார்.

மறுநாள் போனபோது பத்திரிகை எனக்காக மேசையில் காத்திருந்தது.

"கோப்பி?" என்றார்.

பழக்கதோஷம்... "வேண்டாம்" என்றேன்.

இங்கெர் என்னையே பார்த்தார். பிறகு, இன்னொருமுறை கேட்டார்.