முப்பத்திரண்டாம் இலக்கத் தந்தி

எழுபதுகளின் நடுப்பகுதி, ஐப்பசி மாதம். பதுளை மாவட்டத்தில் ரயில் நிற்கிற ஒரு டவுனில், தபால் கந்தோரில் தந்தி அனுப்புகிற வேலை எனக்கு. எந்த டவுன் என்று மட்டும் சொல்ல மாட்டேன். நான் செய்த காரியத்தைக் கேட்டால் ஏன் என்று உங்களுக்கே புரியும்.

யாழ்ப்பாணத்திலிருந்து வேலைக்கு வந்து ஒன்றரை வருடம்தான் ஆகியிருந்தது. வயது இருபத்துநாலு. தலைக்கனத்துக்கு அந்த வயதே தாராளம். நான் வந்த புதிதில்தான் எங்கள் கந்தோருக்கு டெலிபிரிண்டர் வந்தது. பார்வைக்கு டைப்ரைட்டர் மாதிரிதான் இருக்கும். இங்கே நான் அடிக்கிற வரி என் தாளிலும் விழும், கொழும்பில் இருக்கிற தாளிலும் விழும். அங்கிருப்பவர் பதில் அடித்தால் அது என் தாளில் அடுத்த வரியாக வரும். இங்கிருந்து ஒரு வரி கேள்வி, அங்கிருந்து ஒரு வரி பதில், அவ்வளவுதான் எங்களுக்குள் உறவு. முகமும் தெரியாது, குரலும் தெரியாது. ஆளுக்கு இரண்டெழுத்தில் ஒரு குறி உண்டு. அதை வைத்துத்தான் அன்றைக்கு அந்தப் பக்கம் யார் டியூட்டி என்று கண்டுபிடிப்போம்.

ஒவ்வொரு தந்திக்கும் அன்றைய வரிசையில் ஓர் இலக்கம் உண்டு. ஒன்றை அடித்து முடித்ததும் கைகட்டிக்கொண்டு காத்திருக்க வேண்டும். கொழும்பு 'ஆர்' என்ற இங்கிலீசு எழுத்தை அடித்து, அந்த இலக்கத்தையும் திருப்பி அடிக்கும். 'கிடைத்தது' என்று அதற்குப் பொருள். அது வந்த பிறகுதான் அடுத்த தந்தியைத் தொடலாம்.

நான் எங்கே காத்திருந்தேன்? மூன்று நான்கு தந்திகளை ஒரே மூச்சில் தள்ளிவிட்டு, கடைசியில் மொத்தமாக ஒரு 'ஆர்' வாங்கிக்கொள்வேன். மாவட்டத்திலேயே வேகமான கை என்னுடையது என்று போஸ்ட் மாஸ்டர் ஒருமுறை சொல்லித் தொலைத்துவிட்டார். அதற்குப் பிறகு என்னைப் பிடிக்க ஆளில்லை.

அன்று காலையிலிருந்தே மழை. பதினொரு மணி போல ஒரு பெண் கம்பளியைத் தலைக்கு மேல் போட்டுக்கொண்டு, ஒரு தகரப் பெட்டியோடு கவுண்டருக்கு வந்தாள். முப்பது வயது இருக்கும். கொஸ்லந்தைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவள். அவளுடைய புருஷன் இரண்டு பிள்ளைகளோடு இந்தியாவுக்குப் போக முந்தின நாள் ரயிலேறி, தலைமன்னாருக்குப் போய்விட்டான். அன்றைக்கு மறுநாள் காலையில் கப்பல்.

அந்தக் காலத்தில் தோட்டத்து ஆட்களை இலங்கை, இந்தியா இரண்டு அரசாங்கமும் ஆளுக்கு இத்தனை என்று பங்கு போட்டு அனுப்பிக்கொண்டிருந்தார்கள் அல்லவா? இவளுடைய பெயர் அப்பாவின் விண்ணப்பத்தில் இருந்தது. புருஷனும் பிள்ளைகளும் இன்னொரு விண்ணப்பத்தில் இருந்தார்கள். அவர்களுடைய காகிதம் முன்னால் வந்து, போக வேண்டிய கடைசித் தேதியும் நெருங்கிவிட்டதால், அவர்கள் போகட்டும், இவள் பின்னால் வரட்டும் என்று முடிவெடுத்திருக்கிறார்கள். அவர்கள் ரயிலேறிய மறுநாள் காலையிலேயே இவளுடைய காகிதமும் கைக்கு வந்துவிட்டது!

அடுத்த கப்பலில் நாலு பேரும் ஒன்றாகவே போகலாம், இரண்டு நாள் தங்குவதற்கு இடம் கொடுப்பார்கள் என்று காகிதம் கொடுத்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் புருஷன் நாளைய கப்பலில் ஏறாமல் இருக்க வேண்டும். ஏறிவிட்டால், மண்டபம் முகாமுக்குக் கொண்டுபோய் அங்கிருந்து எந்த ஊருக்கு அனுப்புவார்கள் என்று யாருக்கும் தெரியாது. அப்படிப் பிரிந்து, ஒருவரையொருவர் தேடிக்கொண்டே இருந்த குடும்பங்களை நானே அறிவேன்.

"நாங்க இருந்த காம்பராவைப் பூட்டி சாவியக் குடுத்தாச்சுங்க. செக்ரோல்ல பேரையும் வெட்டியாச்சு. இனி அங்கிட்டும் போவ முடியாது. அவங்களை நிக்கச் சொல்லி அனுப்புங்கய்யா" என்றாள்.

நான் எழுதிக் கொடுத்தேன். காகிதம் கிடைத்தது, கப்பல் ஏற வேண்டாம், வருகிறேன், பதில் போடவும். தலைமன்னார் இறங்குதுறை ஸ்டேஷன் மாஸ்டர் மூலம் விலாசம். பதிலுக்கும் சேர்த்தே கட்டினாள். அது அன்றைக்கு முப்பத்திரண்டாம் இலக்கம்.

உள்ளே போய் முப்பத்தொன்று, முப்பத்திரண்டு, முப்பத்துமூன்று மூன்றையும் ஒரே ஓட்டமாக அடித்தேன். நடுவில் மெஷின் ஒரு தடவை இருமியது. மழைக்காலத்தில் அது சகஜம். என் தாளில் மூன்றும் அழகாக விழுந்திருந்தன. கொழும்பிலிருந்து 'ஆர்' வந்தது. அதற்குப் பிறகு என்ன இலக்கம் அடித்திருக்கிறது என்று யார் பார்த்தார்கள்? தாளைக் கிழித்து, மூன்று பிரதியிலும் 'அனுப்பப்பட்டது' என்று முத்திரை குத்தி, கம்பியில் செருகிவிட்டுத் தேத்தண்ணி குடிக்க எழுந்தேன்.

அவள் கவுண்டரிலேயே நின்றுகொண்டிருந்தாள்.

"சேந்துருச்சாங்களா?"

"போயிட்டுது. நீ போய் வாங்கிலை இரு."

எனக்கு அப்போது தோட்டத்து ஆட்கள் எல்லோரும் 'நீ'தான். என் அக்காவின் வயது அவளுக்கு. அதை இப்போது எழுதவே வெட்கமாக இருக்கிறது.

சுவரோரம் கிடந்த மர வாங்கில் உட்கார்ந்தவள் கால்மணி நேரத்தில் திரும்பி வந்தாள். "சேந்துருச்சாங்கய்யா?" எனக்கு எரிச்சல் தலைக்கேறியது. "சொன்னனான் எல்லோ, போயிட்டுது எண்டு! எத்தினை தரம் கேப்பாய்?" என்று கத்தினேன். முத்திரை மேல் எனக்கு அவ்வளவு நம்பிக்கை.

அவள் கோபிக்கவில்லை. நிதானமாகத்தான் சொன்னாள். "கோச்சுக்காதீங்கய்யா. எங்க தோட்டத்துல கொழுந்து நிறுத்தா, கணக்கப்புள்ள எம்பேரைச் சொல்லி, இத்தன றாத்தல்னு திருப்பிச் சொல்லுவாருங்க. அதைக் காதால கேட்டுட்டுத்தான் கூடைய எடுப்போம். அந்தப் பழக்கத்துல கேட்டுட்டேன்."

தேயிலைக்கும் தந்திக்கும் என்ன சம்பந்தம் என்று உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன். பாருங்கள், எங்கள் சட்டப் புத்தகத்தில் இருந்ததையே அவள் சொல்லியிருக்கிறாள். சம்பளம் வாங்குகிற எனக்குத்தான் அது உறைக்கவில்லை.

ஒரு மணி இருக்கும். டெலிபிரிண்டரின் மணி அடித்தது. கொழும்பு கூப்பிடுகிறது. எங்கள் பேச்செல்லாம் இங்கிலீசுச் சுருக்கத்தில்தான். உங்களுக்காகத் தமிழில் சொல்கிறேன்.

'32 எங்கே?'

நான் அடித்தேன்: 'அனுப்பியாயிற்று.'

'31 இருக்கிறது. 33 இருக்கிறது. 32 எங்கே?'

'அனுப்பியாயிற்று. என் தாளில் இருக்கிறது.'

பிறகு நிதானமாக ஒவ்வோர் எழுத்தாக விழுந்தது. 'உங்கள் தாளில் இருப்பது எனக்குத் தெரியாது. என் தாளில் இல்லை. 32 தயவுசெய்து.'

கம்பியில் செருகியிருந்த பிரதியை உருவிப் பார்த்தேன். வாங்கில் உட்கார்ந்திருந்தவளின் தந்தி அது. கிழித்துப் போட்ட தாளைக் கூடையிலிருந்து எடுத்துப் பார்த்தேன். 'ஆர் 31 33' என்று தெளிவாக அடித்திருந்தது. மெஷின் இருமிய அந்த ஒரு நிமிடம் லைன் செத்துப் போயிருக்கிறது. என் தாளில் நான் எனக்கே தந்தி அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறேன்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். இலக்கம் குறைகிறதா என்று ஒத்துப் பார்ப்பது வழக்கமாக மாலையில், வேலை முடிகிற நேரத்தில்தான். நாள் முழுக்கப் பத்துப் பன்னிரண்டு ஊர்களிலிருந்து தந்திகள் வந்து கொட்டுகிற இடம் கொழும்பு. அந்த நெரிசலில் ஓர் ஊரில் ஓர் இலக்கம் விட்டுப்போனதைக் கவனித்து, மாலை வரை விடாமல், இரண்டு தடவை 'அனுப்பியாயிற்று' என்று நான் முறைத்த பிறகும் மூன்றாம் தடவை கேட்க அந்த ஆளுக்கு எந்த அவசியமும் இல்லை. மாலையில் கேட்டிருந்தால் தந்தி மறுநாள் காலையில்தான் தலைமன்னாரில் ஆள் கைக்குப் போயிருக்கும். அதற்குள் கப்பல் போயிருக்கும்.

உட்கார்ந்து அடித்தேன். இந்தத் தடவை கொழும்பு என்னை ஓட விடவில்லை. நான் ஒரு வரி அடித்தால், அதே வரியை அந்தப் பக்கம் திருப்பி அடித்துக் காட்டும். நான் 'சரி' என்று அடித்த பிறகுதான் அடுத்த வரி. லைன் இரண்டு தடவை அறுந்தது. இரண்டு தடவையும் விட்ட இடத்திலிருந்து, கோபமில்லாமல், மறுபடியும் கேட்டது. கடைசியில் 'ஆர் 32' என்று விழுந்தபோது இலக்கத்தை இரண்டு தடவை வாசித்துப் பார்த்தேன்.

அதோடு முடிந்துவிட்டது என்று நினைத்தேன். தந்தியை வாங்கி அடுத்த ஊருக்குத் தள்ளிவிடுவதோடு கொழும்பின் கடமை முடிந்தது. ஆனால் இருபது நிமிடம் கழித்து மணி அடித்தது. '32 மன்னாருக்குக் கொடுத்தேன். மன்னார் ஆர் சொன்னது.' இன்னும் சிறிது நேரத்தில்: '32 இறங்குதுறை ஸ்டேஷனில். ஆளைத் தேடுகிறார்கள்.' நான் கேட்கவேயில்லை. தந்தியின் வாசகத்தைப் படித்துவிட்டு, இந்த முனையில் யாரோ உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள் என்று அவரே புரிந்துகொண்டிருக்கிறார்.

நான் எழுந்து வாங்குக்குப் போனேன். போகிற வழியில் பொய் சொல்லலாமா என்றுகூட யோசித்தேன். அவளுடைய முகத்தைப் பார்த்ததும் வாய் வரவில்லை.

"அக்கா, முதல் நான் சொன்னது பிழை. தந்தி போகேல்லை. என்ரை பிழைதான். கொழும்பிலை இருக்கிற ஆள் கேட்டுத்தான் தெரிஞ்சுது. இப்பதான் போயிருக்கு. ஸ்டேஷன்ல அவரைத் தேடுகினமாம்" என்றேன்.

அவள் என்னை ஏறிட்டுப் பார்த்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கம்பளியை இழுத்து மூடிக்கொண்டு, "சரிங்கய்யா" என்று மட்டும் சொன்னாள். அந்த ஒரு சொல்லில் நான் பாதியாகக் குறைந்துபோனேன்.

நாலேகால் இருக்கும். மணி அடித்தது. பதில் தந்தி. வரி வரியாக விழ விழ நான் திருப்பி அடித்துக் காட்டினேன். கப்பல் ஏறவில்லை, பயப்படாதே என்று எத்தனையோ எழுதியிருக்கலாம் அவள் புருஷன். எழுதியது இவ்வளவுதான்: 'நிற்கிறோம். பிள்ளைகள் சாப்பிட்டார்கள்.'

அதைப் படித்துக் காட்டியபோது அவள் அழவில்லை. இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள். படித்தேன். தகரப் பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டாள். மாலை ரயிலுக்கு நேரமாகிவிட்டது. வாசல் வரை போனவள் திரும்பி வந்தாள்.

"அங்கிட்டு இருக்கிற அந்த ஐயாவுக்கு, எங்களுக்குக் கெடச்சிருச்சுன்னு சொல்லிடுங்க. பாவம், அவங்களும் பாத்துக்கிட்டு இருப்பாங்க."

லைனில் சொந்தப் பேச்சுப் பேசக்கூடாது என்பது எங்கள் சட்டம். அத்தனை சட்டத்தையும் மீறினவன் இதை மட்டும் காப்பாற்றி என்ன ஆகப்போகிறது? 'பதிலைக் கொடுத்தாயிற்று. அந்த அம்மா ரயிலுக்குப் போகிறார். உங்களுக்கு நன்றி சொல்கிறார்' என்று அடித்தேன்.

பிறகு ஒரே ஓர் எழுத்து விழுந்தது. 'ஆர்.'

அன்றிலிருந்து ஒவ்வொரு தந்திக்கும் கைகட்டிக் காத்திருந்தேன். வேகமான கை என்ற பெயர் ஒரு மாதத்தில் போய்விட்டது. எனக்கு அதில் வருத்தமில்லை. இரண்டு வருடம் கழித்து மாற்றலாகிக் கொழும்புக்குப் போனபோது, அந்த இரண்டெழுத்துக் குறிக்குரியவரைத் தேடினேன். ஓய்வு பெற்றுப் போய்விட்டார் என்றார்கள். அவர் என்ன மொழி பேசுகிறவர், ஆணா பெண்ணா என்று கேட்க வாயெடுத்தேன். பிறகு வேண்டாம் என்று விட்டுவிட்டேன். அந்த நாலு பேரும் ஒரே கப்பலில் போனார்களா என்று யாரும் எனக்கு 'ஆர்' சொல்லவில்லை. போயிருப்பார்கள் என்று நம்புகிறேன்.

வீட்டில் பிள்ளைகள் யாராவது "அனுப்பிட்டன்" என்று சொன்னால், என் வாயில் இன்றைக்கும் என்னை அறியாமலே அவளுடைய பேச்சுத்தான் வருகிறது: "சேந்துருச்சா?"