கூலண்டுக்குள் துளசி

கூலண்ட் டப்பாவுக்குள் அந்தத் துளசி இலையைப் பார்த்தபோது வந்த கோபம் இன்றைக்கும் எனக்கு முழுதாக இறங்கவில்லை.

ஈப்போவில் சின்ன விமானங்கள் நிற்கும் ஒரு கொட்டகையில் நான் மெக்கானிக். அக்காவின் கணவர் பல் வைத்தியர், ஞாயிற்றுக்கிழமைகளில் விமானி. இரண்டு பேர் மட்டும் உட்காரும் அவருடைய விமானத்தையும் நான்தான் பார்த்துக்கொள்கிறேன். அதன் இன்ஜினின் தலைப்பகுதியைச் சூடேறாமல் காப்பது கூலண்ட். கார் என்றால், கொதித்ததும் ஓரங்கட்டி பானெட்டைத் திறந்து வைக்கலாம். லூமுட் கரையைத் தாண்டிக் கடலுக்கு மேலே போனபின் எங்கே ஓரங்கட்டுவது?

அந்த ஞாயிறு அக்காவை முதல் தடவையாகப் பங்கோர் தீவு வரை கூட்டிப்போவதாக மச்சான் முடிவு செய்திருந்தார். அதற்காக முந்தின நாளே பழைய கூலண்டை வடித்தேன். தேயிலைச் சாயம் போல வந்தது. உள்ளே கழுவி, புதியதை ஊற்றி, காற்றுக் குமிழி தங்காதபடி குழாய்களை அமுக்கி அமுக்கி வெளியேற்றினேன். இன்ஜின் மூடியை மட்டும் மாட்டவில்லை. ஒரு தடவை ஓடவிட்டு, கசிவு இல்லையென்று பார்த்த பிறகுதான் மாட்டுவது.

காலையில் அக்கா பூஜைத் தட்டோடு வந்தாள். புதுக் காருக்குச் செய்வதெல்லாம் விமானத்துக்கும் செய்தாள். எலுமிச்சம்பழம் சக்கரத்தடியில் போனது. தேங்காயை மட்டும் வேலிக்கு வெளியே உடைக்கச் சொன்னேன், சில்லு பறந்து புரொப்பெல்லரில் அடிக்கும். மறுபேச்சில்லாமல் வெளியே போய் உடைத்துவிட்டு வந்தாள். நான் கை கழுவப் போனேன்.

திரும்பி வந்து இன்ஜினை ஓட்டிப் பார்த்தேன். கசிவு இல்லை. அணைத்து ஆறவிட்டேன். ஆறும்போது இன்ஜின் பக்கத்து டப்பாவிலிருந்து கூலண்டைத் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். அளவு பார்க்கக் குனிந்தேன். குழாயின் வாயில் துளசி இலை ஒட்டியிருந்தது. அடியில் திருநீறு படிந்திருந்தது.

"யாரு இதுல தண்ணி ஊத்துனது?"

"கோவில் தீர்த்தம்தானே, ரெண்டு சொட்டு," என்றார் மச்சான். "நான்தான் ஊத்தச் சொன்னேன். கார்ல பைப் தண்ணியே ஊத்துறேன், ஒண்ணும் ஆகல லா."

எனக்கு வாயில் நன்றாக வந்தது. அந்தக் கோவில் சுண்ணாம்பு மலைக் குகைக்குள் இருக்கிறது. அந்தத் தண்ணீரைக் கொதிக்கவைத்த கெட்டிலின் அடியைப் பார்த்திருக்கிறாரா இந்த மனிதர்? வெள்ளை வெள்ளையாகப் படிந்து கிடக்கும். இன்ஜின் குழாய்க்குள்ளும் அதேதான் படியும். தன் கிளினிக்கில் ஒருவரையும் செருப்போடு உள்ளே விடமாட்டார். என் இன்ஜினுக்குள் மட்டும் மலைத் தண்ணீரும் திருநீறும் இலையும் போகலாம்.

"சாவி என்கிட்டயே இருக்கட்டும். இன்னைக்கு ஒருத்தரும் பறக்க முடியாது."

மறுபடி எல்லாவற்றையும் வடித்தேன். டப்பாவைக் கழற்றித் தேய்த்தேன். கொட்டகை முழுக்கக் கேட்கிற மாதிரி இரண்டு பேரையும் திட்டிக்கொண்டே செய்தேன். மச்சான் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா கிட்டே வந்து நின்றாள்.

"தம்பி, எனக்கு மேல ஏற பயம்டா. அதான் ஊத்துனேன்."

"பயம்னா வரலன்னு சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னேன். சிரிச்சாரு. தீர்த்தம் வேணும்னா ஊத்திக்க, பயம் போயிரும்னாரு."

அக்காமேல் இருந்த கோபம் அந்த இடத்திலேயே போய்விட்டது. மச்சான்மேல் இருந்தது இரண்டு மடங்காயிற்று. பயம் என்று ஒருத்தி சொல்கிறாள், இவருக்குச் சிரிப்பு வருகிறது. பதில் சொல்வதற்குப் பதிலாக என் இன்ஜினைக் காட்டிவிட்டிருக்கிறார்.

அடுத்த ஞாயிறு எல்லாம் சுத்தமாக இருந்தது. நானே இரண்டு தடவை ஓட்டிப் பார்த்து, மூடியை மாட்டி, சாவியை மச்சான் கையில் கொடுத்தேன்.

"அப்ப போலாமா?" என்று அக்காவைத் தேடினார்.

"நீங்க போங்க மச்சான். அக்கா என்கூட கார்ல வரும். லூமுட்ல போட் பிடிச்சு பங்கோர் வந்துர்றோம்."

"ரெண்டு சீட் இருக்குலா. அக்காகிட்ட கேட்டியா?"

நான் கேட்கவில்லை. அக்கா அதற்கு முன்பே என் காரில் ஏறி பெல்ட்டைப் போட்டிருந்தாள்.