செய்தி வந்தது, மகள் வரவில்லை

மாலை நான்கு ஐம்பதுக்குச் செல்போனில் அந்தச் செய்தி வந்தது: ‘உங்கள் குழந்தை நிறுத்தத்தில் இறங்கிவிட்டார்.’ நான் அந்த நிறுத்தத்தில்தான் நின்றிருந்தேன். பஸ்ஸையே காணோம்.

இடஒதுக்கீடு கேட்டு ஆங்காங்கே சாலை மறியல் நடந்த நாட்கள் அவை. எங்கள் ஊர் கல்வராயன் மலை அடிவாரம். ஒன்பதாம் வகுப்பு படித்த மகள், கள்ளக்குறிச்சியிலிருந்து பள்ளி பஸ்ஸில் வருவாள். பள்ளிக்குப் போன் செய்தேன்.

“கம்ப்யூட்டர்ல எறங்கிட்டதாத்தாங்க காட்டுது. பக்கத்துல எங்கனா பேசிக்கினு இருக்கும், பாருங்க” என்றார் அலுவலகப் பெண். டிரைவருக்கு அடித்தால் மணியே போகவில்லை.

நான் வருவதற்கு முன்பே பஸ் வந்து போய்விட்டதோ? அப்படியானால் இறங்கியவள் எங்கே? சாலையின் இருபுறமும் ஆளுயரக் கரும்பு. அவள் பெயரைக் கத்திக்கொண்டே வரப்பில் ஓடினேன். வழியில் ஒரு கிணறு. எட்டிப் பார்க்கப் பயந்து, பயந்துகொண்டே பார்த்தேன்.

அடுத்த கழனியில் மகளின் வகுப்புத் தோழியுடைய அம்மா புல் அறுத்துக்கொண்டிருந்தார். “எம் பொண்ணப் பாத்தீங்களா அக்கா?”

“இல்லியேம்மா. இந்தக் கூத்தக் கேளு, எம் பொண்ணும் எறங்கிட்டாளாம், மெசேஜ் வந்துருக்குது. அது காலையிலர்ந்து ஜுரத்துல வூட்ல படுத்துக்கினு இருக்குது!”

அப்படியே நின்றுவிட்டேன். நான் கல்லூரியில் புரோகிராம் எழுதச் சொல்லித் தருகிறவள். பஸ் கிளம்புவது, நிறுத்தம் வருவது, பிள்ளைகள் இறங்குவது, பெற்றோருக்குச் செய்தி போவது என்று படிப்படியாக நடக்கிற வேலை இது. நடுவில் ஒரு படி தடைபட்டால் புரோகிராம் அங்கேயே நின்று, பஸ் வரவில்லை என்று பள்ளிக்குச் சொல்லவேண்டும். இது பஸ்ஸைக் காணோம் என்பதை விழுங்கிவிட்டு, வழக்கமான நேரத்தைப் போட்டு அடுத்த படிக்குப் போயிருக்கிறது. மகள் இறங்கவே இல்லை. இவ்வளவு நேரமும் தப்பான இடத்தில் தேடியிருக்கிறேன்.

பஸ் வரும் வழியே ஸ்கூட்டரை விரட்டினேன். மலையோரத் திருப்பத்தில் சாலைக்குக் குறுக்கே புளியமரம் கிடந்தது.

“வண்டி போவாதும்மா, திரும்பு” என்றார் மறியலில் இருந்த ஒருவர்.

“ஸ்கூல் பஸ்ல எம் பொண்ணு இருக்காய்யா.”

“அட வுடுப்பா, பெத்தவ” என்று இன்னொருவர் கிளையைத் தூக்கிப் பிடித்தார். குனிந்து நுழைந்து, நடையும் ஓட்டமுமாகப் போனேன். வெட்டிப் போட்ட இரண்டு மரங்களுக்கு நடுவே மாட்டிக்கொண்டு, போனில் சிக்னல் துளியும் இல்லாத இடத்தில், மஞ்சள் பஸ் நின்றது. டிரைவர் படியை அடைத்து உட்கார்ந்திருந்தார்.

“ஒரு புள்ளையும் எறக்கல மேடம். பெத்தவங்க வந்தாதான் வுடுவேன்.”

மற்ற வீடுகளில் அந்தச் செய்தியை நம்பி, நிம்மதியாக வேலையைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். இன்றும் எந்தத் திரையாவது ‘முடிந்தது’ என்று காட்டினால், அன்று பஸ் ஜன்னல் வழியாக எனக்குப் பின்னால் சாலையைப் பார்த்தபடி மகள் கேட்டதுதான் காதில் விழுகிறது:

“இன்னாம்மா, நீ மட்டுந்தான் வந்தியா?”