விரிசல் விட்ட ஐரிஷ் குழலோடு செங்கல்பட்டு வழியாகக் கோவளம்

குழலின் தலைப்பகுதியில் இருந்த விரிசல் மூடிக்கொண்டது. பசை எதுவும் வைக்காமல் மரம் தானாகவே சேர்ந்துவிட்டது. இன்று காலை தொலைபேசியில் இதைச் சொன்னவர், அதைப் பழுதுபார்க்கும் தேவிகா. படமும் அனுப்பினார். பெரிதாக்கிப் பார்த்தேன். மயிரிழைக் கோடு மட்டும் தெரிகிறது.

நூறாண்டுக்கும் மேற்பட்ட மரக்குழல் அது. மேற்கத்திய இசைக்குழுக்கள் உலோகக் குழலுக்கு மாறியபோது கைவிட்டவற்றை அயர்லாந்தின் நாட்டுப்புறக் கலைஞர்கள் எடுத்து வாசித்தார்கள். அந்த மெட்டுகளுக்காகத்தான் நானும் வாங்கினேன். இப்போது செய்யப்படும் ஐரிஷ் குழல்கள் சிலவற்றை வாசித்துப் பார்த்திருக்கிறேன், துளைகள் பெரியவை. ஸ்கூட்டரிலிருந்து விழுந்ததில் மடங்கிப்போன என் மோதிர விரலுக்கு வசப்பட்டது இந்த ஒரு குழல்தான். இது போனால் என் வாசிப்பும் அதோடு முடிந்தது.

வீடு மாற்றிய சமயத்தில் இதை அன்வரிடம் கொடுத்து வைத்திருந்தேன். செய்தி சேகரிக்க நான் போன ஊர்களுக்கெல்லாம் கூட வந்த புகைப்படக்காரர். லென்ஸில் பூஞ்சை பிடிக்காமலிருக்க அவர் வைத்திருக்கும் ஈரம் உறிஞ்சும் பெட்டிக்குள், மிகுந்த அக்கறையோடு, குழலையும் வைத்துவிட்டார். என் கைக்குத் திரும்பி வந்தபோது குழலின் தலைப்பகுதி நீளவாக்கில் வெடித்திருந்தது.

விசாரித்ததில் தேவிகா கிடைத்தார். சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பொறியாளர். விடுமுறை நாட்களில் பழைய மரக்குழல்களைச் சீர்செய்கிறார், வாசிக்கவும் செய்கிறார்.

போன சனிக்கிழமை அன்வரும் நானும் தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறினோம். செங்கல்பட்டுக்குப் பத்து ரூபாய், முப்பது கிலோமீட்டர் சொச்சம். நிலையத்திலிருந்து தேவிகா வீட்டுக்கு ஆட்டோ எண்பது ரூபாய். ஓட்டுநர் நீளப் பெட்டியைப் பார்த்தார்.

"இன்னா அண்ணாத்த, துப்பாக்கியா?"

"புல்லாங்குழல்பா. ஒடைஞ்சி கீது," என்றார் அன்வர்.

"ஒடைஞ்சத தூக்கிகினு ரெண்டு பேரா? தேர்த் திருவிழா கடையில புதுசே அம்பது ரூவாதான்!"

தேவிகா விரிசலை விளக்கொளியில் திருப்பிப் பார்த்தார். "எதுல வெச்சிருந்தீங்க சார்?"

"கேமரா பொட்டியில," என்றார் அன்வர், தரையைப் பார்த்து.

"அதான். உள்ள பித்தளைக் குழாய் இருக்கு. மரம் காஞ்சா சுருங்கும், பித்தளை சுருங்காது. அப்புறம் மரம் எங்க போவும்?"

பசை வைத்து ஒட்டிவிடலாமா என்று கேட்டேன்.

"ஒட்டுனா பக்கத்துல வெடிக்கும். குழாய வெளிய எடுத்தாத்தான் மரம் மூடும். எடுக்கறப்ப ரெண்டா பொளந்தாலும் பொளந்துடும். சரின்னா சொல்லுங்க."

சரி என்றேன். அன்வர் எழுந்து வாசலுக்குப் போய்விட்டார். குழாயை மரத்தோடு ஒட்டியிருந்த பழைய அரக்கு இளகுவதற்காக, சூடேற்றிய கம்பியைக் குழாய்க்குள் விட்டுக் காத்திருந்தார் தேவிகா. பிறகு துணி சுற்றிப் பிடித்துத் திருகினார். 'டக்' என்று ஒரு சத்தம். நான் அவர் கையைப் பார்க்கவில்லை.

"அண்ணா, உள்ள வாங்க. உயிரோடதான் இருக்கு," என்று வாசல் பக்கம் குரல் கொடுத்தார்.

ஒரு கையில் பித்தளைக் குழாய், மறு கையில் முழுசாக மரம். அன்வர் வந்து நாற்காலியில் சாய்ந்தார். "மச்சான், இனிமே உன் சாமான் எதையும் என் வூட்ல வெக்காத."

மரம் ஓய்வெடுக்கட்டும் என்று தலைப்பகுதியைத் தேவிகாவே வைத்துக்கொண்டார். தான் கடைந்த, உலோகமில்லாத ஒரு தலையை, மூட்டில் நூல் சுற்றி இறுக்கம் பார்த்து, என் குழலில் பொருத்திக் கொடுத்தார்.

திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரத்துக்குப் பேருந்து, ஏறக்குறைய முப்பது கிலோமீட்டர், ஒரு மணி நேரம். அங்கிருந்து இன்னொரு பேருந்தில் கோவளம், அன்வரின் அக்கா வீடு. சாயங்காலம் படகுகளின் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்தேன். ஒரு ஸ்வரமும் தப்பவில்லை. உடற்பகுதிக்கு எந்தச் சேதமும் இல்லை. வலை பிரித்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார்.

"இன்னா பாட்டுங்க இது, நிக்காம ஓடிகினே கீது?"

"ஆடுறதுக்கான பாட்டு."

"ஆடறவன் நின்னுக்குவான். நீங்க எப்ப மூச்சு வுடுவீங்க?"

நியாயமான கேள்வி. நடுவில் ஒரு ஸ்வரத்தை விட்டுவிட்டு அந்த இடத்தில்தான் மூச்சு வாங்க வேண்டும் என்றேன். மறுபடி வாசிக்கச் சொல்லி, அந்த இடத்தைச் சரியாகப் பிடித்துக் கைகாட்டினார்.

மரக்குழலோடு இந்தப் பக்கம் வருகிறவர்களுக்கு: குளிரூட்டிய அறையிலும் வெயிலில் நிற்கும் காரிலும் வைக்காதீர்கள். கடற்கரையில் வாசித்து முடித்ததும் உள்ளே துடைத்து, பாகம் பாகமாகக் கழற்றி வையுங்கள். ஈரத்தில் மூட்டு நூல் உப்பி இறுகிவிடும். மாமல்லபுரம் பேருந்துகளில் ஞாயிற்றுக்கிழமை நிற்கவும் இடமிருக்காது. சனிக்கிழமை போங்கள்.

பித்தளைக் குழாயைத் திரும்பப் பொருத்துவது பாக்கி. மரத்தின் உட்புறத்தைக் கொஞ்சம் அகலப்படுத்திவிட்டு, வரும் இரண்டாம் சனிக்கிழமை பொருத்துவதாகத் தேவிகா சொன்னார். இனி வெடிக்காது என்று எழுதலாமா எனக் கேட்டேன். "கத்திரி வெயில் தாண்டட்டும் சார், அப்புறம் சொல்றேன்," என்றார். அதுவரை நானும் எழுதுவதாக இல்லை.