சவரிமுத்துவுக்காக ஒரு வாய் கருப்பு பீர்

இந்தப் பதிவில் இருப்பவை:

1. நான் ஏன், எப்போது போனேன்
2. பாட்டிலைத் திண்டுக்கல்லிலிருந்து எரியோடு வரை கொண்டுபோன விதம்
3. குடித்தபோது தெரிந்ததும் தெரியாததும்
4. இதுபோலச் செய்ய நினைப்பவர்களுக்குச் சில யோசனைகள்

வரிசை போட்டுக்கொண்டால்தான் எனக்கு எழுத வரும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாற்பது வருடங்களுக்கு முன் திண்டுக்கல்லில் ஒரு தோல் தொழிற்சாலையின் ஆய்வுக்கூடத்தில் நானும் சவரிமுத்துவும் வேலை பார்த்தோம். முதலாளி எங்கள் இருவரையும் ஆறு மாதப் பயிற்சிக்கு பெல்ஜியம் அனுப்பினார். சனிக்கிழமை மாலைகளில் அங்கே உடன் வேலை செய்தவர்கள் எங்களை ஒரு சின்ன மதுக்கடைக்கு அழைத்துப் போவார்கள். அவர்கள் குடித்தது கருத்த நிறமுள்ள ‘ஏல்’. பீர் வகைதான், ஆனால் நம் ஊர் பீரைவிட இரண்டு மடங்கு காட்டம். சவரிமுத்து முதல் வாரமே குடித்துவிட்டான். நான் ஆறு மாதமும் ஆரஞ்சு ஜூஸ் குடித்தேன். கொள்கை ஒன்றும் கிடையாது, பயம்தான். ஒத்துக்கொள்ளாமல் அந்நிய ஊரில் விழுந்து கிடந்தால் யார் பார்ப்பார்கள் என்ற பயம்.

ஊர் திரும்பிய பிறகு அந்த ருசியைப் பற்றி அவன் பேசாத மாதம் இல்லை. கருப்பட்டி என்பான், உலர்ந்த திராட்சை என்பான், கிறிஸ்துமஸ் கேக் வேகும்போது அடுப்படியில் நிற்கிற மாதிரி என்பான். கேட்கும்போதெல்லாம், ஒரே ஒரு வாய் குடித்திருக்கலாமே என்று எனக்கு மனசு கிடந்து அடித்துக்கொள்ளும். இப்போது எழுபத்து நான்கு வயது. அந்த மதுக்கடையின் மர மேஜையும், நனைந்த கோட்டுகளின் வாடையும், எல்லோரும் எதற்கோ சிரித்ததும் அப்படியே ஞாபகம் இருக்கிறது. கூடவே உட்கார்ந்திருந்தும் தள்ளியே இருந்துவிட்டேன்.

மூன்று வருடங்களுக்கு முன் ஒரு காய்ச்சலில் சவரிமுத்துவுக்கு வாசனை தெரியாமல் போனது. காய்ச்சல் போனது, வாசனை திரும்பவில்லை. இந்த மாசி மாதம் ஒரு கல்யாணத்துக்காக ஜெர்மனியிலிருந்து வந்த என் மகள், பெல்ஜிய முறையில் காய்ச்சிய கருப்பு ஏல் ஒரு பாட்டில் கொண்டுவந்தாள். முக்கால் லிட்டர், பத்து சதவீதம். போனில் சவரிமுத்துவிடம் சொன்னேன்.

“கொண்டா அப்பு. அதுக்காவது மூக்கு முழிக்குதான்னு பாப்போம்” என்றான்.

அவன் மனைவி லூர்துமேரி போனை வாங்கினார். “தவக்காலம் முடியட்டும்ணே, ஈஸ்டர் கழிச்சு வாங்க. சோத்துல கைய வச்சுட்டு வச்சுட்டு எந்திரிச்சுர்றாரு. பத்து கிலோ எறங்கிட்டாரு. இதத்தான் நம்பிக்கிட்டு இருக்காரு.”

ஈஸ்டர் முடிந்து இரண்டாவது சனிக்கிழமை கிளம்பினேன்.

நம் ஊரில் பீர் என்றால் கூலிங். கடையில் கூலிங் இல்லை என்றால் சண்டையே நடக்கும். ஆகவே பாட்டிலை எப்படி ஜில்லென்று கொண்டுபோவது என்பதையே நான் ஒரு வாரம் யோசித்தேன். காலை ஒன்பது மணிக்கு மீன்கடையில் மூன்று கிலோ ஐஸ் வாங்கி, தெர்மாகோல் பெட்டியில் பாட்டிலை நிறுத்தி, சுற்றிலும் அடைத்தேன். பழைய ஆய்வுக்கூடத் தெர்மாமீட்டர் ஒன்று என்னிடம் உண்டு. அதையும் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

திண்டுக்கல் பேருந்து நிலையத்தில் 9.40க்குப் பஸ். சுமார் இருபது கிலோமீட்டர், டிக்கெட் இருபத்திரண்டு ரூபாய். கண்டக்டர் பெட்டியைப் பார்த்தார்.

“பெரிசு, பொட்டியில என்ன?”

“மருந்து” என்றேன். பயத்தில் அதுதான் வாயில் வந்தது.

“மருந்துக்கு எதுக்கு அயிலமீன் வாட அடிக்குது?”

முன் சீட்டிலிருந்த அம்மாள் திரும்பிப் பார்த்து, “நாட்டு மருந்தா இருக்கும்ப்பா, விடு” என்றார். பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்த மாதிரி வைத்துக்கொண்டேன். 10.35க்கு எரியோட்டில் இறங்கினேன். அங்கிருந்து சவரிமுத்து வீட்டுக்கு ஒன்றரை கிலோமீட்டர், ஆட்டோவுக்கு ஐம்பது ரூபாய். முருங்கைத் தோட்டத்தை ஒட்டிய ஓட்டு வீடு.

வாசலுக்கு வந்து நின்றவனை எனக்குச் சட்டென அடையாளம் தெரியவில்லை. சட்டை வேறு யாருடையதோ போலத் தொங்கியது. குரல் மட்டும் மாறவில்லை. “வாய்யா, ஜூஸ் பார்ட்டி! நாப்பது வருசங்கழிச்சுத் தைரியம் வந்துருச்சாக்கும்?”

பாட்டிலின் வாயில் கம்பி கட்டிய தக்கை. நான் கண்ணை மூடிக்கொண்டு திருகினேன். தக்கை பறந்து போய் அலமாரியில் இருந்த காலண்டரில் அடித்தது. “மாதா படத்துல படாம இருந்துச்சே” என்றார் லூர்துமேரி. இரண்டு கண்ணாடி டம்ளர்களில் ஊற்றினேன். தோல் பதனிட ஆவாரம்பட்டை ஊறிய தொட்டித் தண்ணீரின் நிறம். எங்கள் இருவருக்கும் ஒரே நேரத்தில் அதுதான் தோன்றியது. மேலே பழுப்பு நுரை. தெர்மாமீட்டர் நான்கு டிகிரி காட்டியது. எனக்குப் பெருமையாக இருந்தது.

அவன் முதலில் குடித்தான். நெடுநேரம் வாயிலேயே வைத்திருந்து விழுங்கினான். “சுருக்குங்குது. கொஞ்சம் கசக்குது. தொண்டையில சுடுது. அம்புட்டுத்தான்.” டம்ளரை வைத்துவிட்டான். “சரி, நீ குடி. என்ன இருக்குன்னு நீ சொல்லு.”

நான் குடித்தேன். நாற்பது வருடம் ஏங்கிய வாய். ஜில்லென்று இருந்தது, கசந்தது, வேறு ஒன்றும் இல்லை. இன்னொரு முறை குடித்தேன். அதே.

“ஜில்லுனு இருக்கு. கசப்பு” என்றேன்.

“அப்பறம்?”

“அம்புட்டுத்தான் தெரியுது.”

அவன் முகம் விழுந்துவிட்டது. “அப்ப நாப்பது வருசமா நான் வாய்க்கு வந்தத அளந்து விட்டுக்கிட்டு இருந்தேனா?”

எனக்குப் பதறியது. “இரு இரு, இப்பத்தான் வருது. கருப்பட்டி இருக்கு. திராட்சை இருக்கு. கேக்கு வேகுற மாதிரி…”

“ஏலே, அது நான் சொன்னதுல்ல? என் சரக்க எனக்கே விக்காத.”

நான் தலையைக் குனிந்துகொண்டேன். லூர்துமேரி சோறு போட்டார். நாட்டுக்கோழிக் குழம்பு. சவரிமுத்து நாலு வாய் அளைந்துவிட்டு எழுந்து கை கழுவினான். என் டம்ளர் ஜன்னலோரம் பாதியாக இருந்தது. வெயில் ஓட்டுக்கு மேல் இறங்கிக்கொண்டிருந்தது.

சாப்பாடு முடிந்ததும், மகள் சுமந்து வந்ததை வீணாக்க வேண்டாமே என்றுதான் டம்ளரை எடுத்தேன். வாய்க்குக் கொண்டுபோகும் முன்பே வாசம் வந்தது. நான் அப்படியே நின்றுவிட்டேன். தெர்மாமீட்டரை விட்டுப் பார்த்தேன், பத்தொன்பது டிகிரி. வாசத்தை ஐஸ்தான் அடைத்து வைத்திருந்தது. ரசாயனம் படித்த எனக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

“சவரி, இங்க வா. நீ பொய் சொல்லல.”

அவன் வந்து எதிரில் உட்கார்ந்தான். நான் ஒவ்வொரு மடக்காகக் குடித்து, என் நாக்கில் பட்டதை மட்டும் சொன்னேன். கருப்பட்டிப் பாகு அடிப்பிடிக்கப் போகிற நேரத்து வாசம். கிராம்பு, ஆனால் வாயில் போட்டுக் கடித்தது இல்லை, டப்பாவைத் திறந்ததும் வருவது. சுட்ட ரொட்டியின் கருகல் ஓரம். பிறகு வாழைப்பழம்.

“வாழப்பழமா? நான் ஒரு நாளும் வாழப்பழம்னு சொல்லலையே.”

“நீ சொல்லல. ஆனா இருக்கு. சிறுமலப் பழம். தோலு கருத்து ரெண்டு நாள் ஆனது.”

அவன் கண்ணை மூடினான். உதடு அசைந்துகொண்டே இருந்தது. “ஆமாய்யா” என்றான் மெதுவாக. “இருந்துச்சு. கடேசில, முழுங்குனப்பறம் வரும். அதுக்கு எனக்குப் பேரு தெரியாமயே போச்சு. இன்னொருக்கா சொல்லு.”

இன்னொரு முறை சொன்னேன். அந்த மர மேஜை எங்களுக்கு நடுவில் இருந்தது போலவே எனக்கு இருந்தது, இந்த முறை என் கையிலும் கருப்பு டம்ளர். பிறகு அவன் அதை என்னிடமிருந்து வாங்கி, மூக்கோடு வைத்து இழுத்தான். இரண்டு முறை, மூன்று முறை இழுத்தான். ஒன்றும் வரவில்லை என்பது அவன் முகத்தைப் பார்த்தே தெரிந்தது. டம்ளரைக் கீழே வைத்தான்.

“செத்த நேரம் படுக்குறேன். நீ கெளம்பு, பஸ்ஸு போயிரும்” என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

4.15 பஸ்ஸில் திரும்பினேன். பசித்தவனுக்கு எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வந்ததைப் போல இருந்தது. வழி முழுக்க முருங்கையும் கல்லும் வெயிலும். ஒரு தடவைகூட நான் நிமிர்ந்து பார்க்கவில்லை.

இனி யோசனைகள். இந்த வகை ஏலை ஐஸில் புதைக்காதீர்கள். ஃபிரிட்ஜில் இருந்தால், குடிப்பதற்கு அரை மணி முன்னால் எடுத்து வெளியே வையுங்கள். அடியில் வண்டல் தங்கியிருக்கும், கடைசி இரண்டு விரற்கடை அளவைப் பாட்டிலிலேயே விடுங்கள். காட்டமானது, ஒருவருக்கு ஒரு சின்ன டம்ளர் போதும். மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டுத் தொடுங்கள். வண்டி ஓட்டாதீர்கள், பஸ்ஸில் போங்கள். கடைசியாக ஒன்று, அனுபவத்தில் சொல்கிறேன்: வாசனை போனவரிடம் இதைக் கொண்டுபோகாதீர்கள். அவர் எதிரில் நீங்கள் ருசியை வர்ணிப்பது அவரை வதைப்பதுதான்.

இத்துடன் முடித்து, பிழை திருத்துவதற்காக மூன்று நாள் வைத்திருந்தேன். இன்று காலை லூர்துமேரி போன் செய்தார்.

“என்னணே பண்ணிட்டுப் போனீங்க இவர? அடுப்படியில ஸ்டூலப் போட்டு ஒக்காந்துக்கிட்டு, ‘இப்ப என்ன வாசம் வருது, சொல்லு’ன்னு உசுர எடுக்குறாரு. கருவேப்பிலைன்னு சொன்னா, ‘அது பேரு, வாசத்தச் சொல்லு’ங்கிறாரு. நாப்பத்தஞ்சு வருசமா ஆக்குறேன், ஒரு நா கேட்டதில்ல.”

“சாப்பிடுறானா?”

“நேத்து ரசத்துக்கு ரெண்டாந்தடவ சோறு வாங்குனாரு.” பின்னாலிருந்து சவரிமுத்துவின் சத்தம் கேட்டது: “அவன்கிட்டக் கேளு, அந்தப் பழம் முழுசாக் கருத்துருச்சா, இல்ல அங்கங்க புள்ளி விழுந்துருந்துச்சான்னு!”

யோசித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறேன். மேலே நான் கடைசியாகக் கொடுத்த யோசனை தவறு. தயவுசெய்து அதை அடித்துவிட்டுப் படியுங்கள்.