வண்டியேறிய குடிசை

எங்கள் வீட்டுக் குடிசை ஒன்று மாட்டு வண்டியில் ஏறிப் பூந்தமல்லிக்குப் போனது. அதற்குள் உட்கார்ந்துகொண்டு நானும் போனேன். இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. வயதானால் சரடு விடுவது சகஜம்தான் என்பதுபோலச் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அது வெள்ளைக்காரன் காலம். யுத்தம் நடந்துகொண்டிருந்தது. அப்போது நடந்ததை இப்போதைய கணக்கில் பார்த்தால் எப்படி?

நாங்கள் பாரிவாக்கத்தில் இருந்தோம். அக்காவும் நானும் வரப்பு வழியாக நடந்து பூந்தமல்லியில் இருந்த பெண்கள் பள்ளிக்கூடத்துக்குப் போவோம். அக்கா ஏழாவது, நான் இரண்டாவது. எட்டாவது தேறி டீச்சர் வேலைக்குப் படிக்கவேண்டும் என்று அக்காவுக்கு ஆசை. அதற்கு ஒத்திகை பார்க்க அவளுக்குக் கிடைத்த ஒரே மாணவி நான். புளிய மிளாரும் கையுமாக எனக்கு வாய்ப்பாடு சொல்லிக் கொடுப்பாள். இன்றைக்கும் ஏழாம் வாய்ப்பாடு என்றால் எனக்கு முதுகு கூசுகிறது.

ஒரு நாள் காலையில் அக்காவைக் கொல்லைப்பக்கம் தனியாக உட்கார வைத்துவிட்டார்கள். பக்கத்துத் தெருவிலிருந்து அத்தை, அதாவது நைனாவின் அக்கா, ஓட்டமும் நடையுமாக வந்து அதிகாரத்தைக் கையில் எடுத்துக்கொண்டாள். அக்கா பெரியவளாகிவிட்டாளாம். நான் போய்ப் பார்த்தேன். நேற்று இருந்த உயரம்தான் இருந்தாள். ஆனால் அவளுக்கு மட்டும் நல்லெண்ணெய் மிதக்கும் உளுந்தங்களி கிண்டப்படுவதைப் பார்த்ததும், எனக்கு எப்போது ஆகும் என்று கேட்டேன். அத்தை என் தலையில் ஒரு குட்டு வைத்தாள்.

மதியத்துக்குள் சென்னீர்குப்பத்திலிருந்து மாமா வந்துவிட்டார். அம்மாவின் தம்பி. பூவும் காய்கறியும் ஏற்றிக்கொண்டு கொத்தவால் சாவடிச் சந்தைக்கு வண்டி ஓட்டுகிறவர். ஊர் வம்பையெல்லாம் திரும்பும் வண்டியில் ஏற்றிக்கொண்டு வருகிறவர். அன்றைக்கு வண்டி நிறையப் பச்சைத் தென்னை ஓலை. வயதுக்கு வந்த பெண் தண்ணீர் ஊற்றும் நாள் வரை ஓலைக் குடிசையில்தான் இருக்கவேண்டும், அதைத் தாய்மாமன்தான் கட்டவேண்டும், கடைசியில் அவர் கையாலேயே கொளுத்தவும் வேண்டும் என்பது எங்கள் வழக்கம். வேறு யார் கொளுத்தினாலும் பெண்ணுக்கு ஆகாது. மாமா கட்டி முடிப்பதற்குள் அத்தை இதை அவர் காதில் பல தடவை ஓதிவிட்டாள்.

"தெரியும் அண்ணி. நான் தான் கொளுத்தணும். வேற ஆரும் கை வெக்கக் கூடாது. அதானே?" என்று ஒவ்வொரு தடவையும் மாமா பணிவாகக் கேட்டுக்கொண்டார். அவர் பணிவாக இருந்தால் ஏதோ நடக்கப் போகிறது என்று அர்த்தம். அத்தைக்கு அது தெரியவில்லை.

அத்தோடு அக்காவின் படிப்பும் முடிந்தது. யாரும் அதைத் தனியாகச் சொல்லவில்லை. எங்கள் பக்கத்தில் பெரிய பெண்கள் இப்படித்தான் திடீரென்று வகுப்பில் காணாமல் போவார்கள். பிறகு கல்யாணப் பந்தலில்தான் அவர்களைப் பார்க்கலாம். அக்கா குடிசைக்குள் சத்தமில்லாமல் அழுதுகொண்டே இருந்தாள். களியைத் தொடவேயில்லை. ஓலைச் சந்து வழியாக அதை வாங்கி நான் சாப்பிட்டேன். அக்காவுக்காக எனக்கும் அழுகை வந்தது. களியும் நன்றாகத்தான் இருந்தது.

இரண்டொரு நாளில் எங்கள் பள்ளிக்கூடத்து டீச்சரம்மா குடை பிடித்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். மாமா அப்போது கொல்லையில் குடிசைக்கு இன்னொரு வரிசை ஓலை முடைந்துகொண்டிருந்தார். நைனா பொல்லாதவர் அல்ல. டீச்சரம்மாவை உட்காரச் சொல்லி, மோர் கொடுக்கச் சொல்லி, மரியாதையாகத்தான் பேசினார்.

"படிக்க வெக்க எனக்கும் ஆசதாம்மா. ஆனா மாசாமாசம் அந்த மூணு நாளு அவ இன்னா செய்வா? உங்க பள்ளிக்கூடத்துல ஒரு மறைப்பு கீதா? ஒதுங்க எடம் கீதா?"

ஒரு தடுப்புச் சுவர் கேட்டு டீச்சரம்மாவும் மேலிடத்துக்கு எழுதிப் பார்த்துவிட்டாராம். யுத்தம் முடியட்டும், இப்போது சிமெண்ட் ஏது என்று கையை விரித்துவிட்டார்களாம்.

"நான் என்ன பங்களாவா கேட்டேன்? கிணத்துப் பக்கத்துல நாலு பக்கமும் ஒரு மறைப்பு. துணி உலர்த்த கொஞ்சம் வெயில். அவ்வளவுதான் வேணும். அது இல்லாமதான் என் பெரிய பொண்ணுங்க எல்லாம் போயிடுதுங்க" என்றார். கொல்லையில் ஓலை முடையும் சத்தம் கொஞ்ச நேரம் நின்று, மறுபடி கேட்டது.

தண்ணீர் ஊற்றும் நாள் வந்தது. பந்தல் நிறைய உறவு. அக்காவுக்கு மஞ்சள் நீர் ஊற்றி, பட்டுப் பாவாடை கட்டி, மணையில் உட்கார வைத்தார்கள். அத்தை தீப்பந்தத்தை ஏற்றி மாமாவிடம் நீட்டினாள். மாமா அதை வாங்கித் தண்ணீர்த் தொட்டியில் முக்கினார். பிறகு நான்கு ஆட்களைக் கூப்பிட்டு, குடிசையை அப்படியே மூங்கிலோடு தூக்கச் சொல்லி வண்டியில் ஏற்றிவிட்டார்.

"இன்னா தம்பி இது அக்குறும்பு? கொளுத்த வேணாமா?" என்றாள் அத்தை.

"கொளுத்துறேன் அண்ணி. எப்பன்னு யாரும் சொல்லலியே? பொண்ணு எட்டாவது முடிக்கட்டும். அதுவரைக்கும் இது பள்ளிக்கூடத்துக் கெணத்தாண்ட இருக்கட்டும்."

அத்தை தானே கொளுத்தலாம் என்றால் அது பெண்ணுக்கு ஆகாது. அவளே ஓதி ஓதிச் சொன்னதுதான். "நீ இன்னாடா பாத்துகினு நிக்கிற?" என்று நைனா மேல் பாய்ந்தாள்.

மாமா நைனாவிடம் வந்து நின்றார். சிரிப்பு போய்விட்டது. "மாமா, ஒதுங்க எடமில்லன்னு நீங்க தான் சொன்னீங்க. எடம் இப்போ வண்டியில கீது. பொண்ண அனுப்புவீங்களா?"

விசேஷ நாளில் தாய்மாமன் மனம் கோணக்கூடாது. ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. மணையிலிருந்த அக்கா நைனாவையே பார்த்தாள். நைனா மீசையைத் தடவினார், வண்டியைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார்.

"சாப்ட்டுட்டு கெளம்பு மச்சான். வெயில் ஏறிகினு போவுது" என்றார்.

அவர் சம்மதம் சொன்னது அப்படித்தான். அக்கா அழுத அழுகையில் கண்மை கன்னத்துக்கு வந்துவிட்டது.

சாப்பாடு முடிந்து வண்டி கிளம்பும்போது மாமா, "எக்கா, நீயும் வா" என்று அம்மாவைக் கூப்பிட்டு ஏற்றிக்கொண்டார். நான் கூப்பிடாமலே ஏறினேன். இத்தனை நாளும் கிட்டே வராதே என்று விரட்டப்பட்ட குடிசைக்குள் நடுநாயகமாக உட்கார்ந்து போனேன். ஆவடியிலிருந்து வந்த பட்டாளத்து லாரி ஒன்று எங்களுக்காக ஒதுங்கி நின்றது. சோல்ஜர்கள் எட்டி எட்டிப் பார்த்தார்கள். நான் ஓலையை விலக்கிக் கையாட்டினேன்.

பள்ளிக்கூடத்துக் கோடி அறையில்தான் டீச்சரம்மா குடியிருந்தார். வண்டி நின்றதும் நான் குதித்து உள்ளே ஓடினேன். மாமா வரவில்லை. சாவடியில் போலீஸ்காரனிடமே வாயாடுகிறவர், துண்டை உதறுவதும் மாட்டின் கழுத்தைத் தடவுவதுமாக வாசலிலேயே நின்றார். டீச்சரம்மா கூப்பிட்டும் அசையவில்லை. கடைசியில் அம்மா வண்டியிலிருந்து இறங்கி, "எம் பின்னாலயே வாடா" என்று சொல்லி முன்னால் நடந்தாள். மாமா தலையைக் குனிந்துகொண்டு அவள் பின்னாலேயே வந்தார். டீச்சரம்மாவுக்கு மாமா பயந்துவிட்டார் என்று ஒரு வாரம் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

உள்ளே வந்த பிறகு அவருக்கு வாய் திரும்பிவிட்டது. பாதிக் கூரையைப் பிரித்துவிடச் சொன்னார் டீச்சரம்மா. துணியைக் கொதிநீரில் அலசி நல்ல வெயிலில் உலர்த்தவேண்டும், இருட்டு மூலையில் ஒளித்துப் போட்டால் நோய்தான் வரும் என்பது அவர் கட்சி. "மேல வெயிலு உழுந்தா அது இன்னாம்மா குடிச? என் தொழில ஊரு சிரிக்கும்" என்று மாமா மல்லுக்கட்டினார். தோற்றது மாமாதான்.

திங்கட்கிழமை அக்கா பள்ளிக்கூடம் போனாள். பெரிய பெண்கள் அந்தக் குடிசைக்குள் போய்ப் போய் வருவார்கள். சொப்பு வைத்து விளையாடுகிறார்கள் என்று நினைத்து நானும் நுழையப் பார்ப்பேன், துரத்திவிடுவார்கள். ஓலை காய்ந்து உதிரத் தொடங்கியபோது கொரட்டூர்ப் பெண் ஒருத்தியின் தாய்மாமன் தன் வண்டியில் பச்சை ஓலையோடு வந்து நின்றார். அடுத்தது பூந்தமல்லி பாய் வீட்டுப் பெண். அவர்களிடம் ஓலை கட்டும் வழக்கம் இல்லை. அதனால் அவளுடைய மாமு கோரைப்பாய்களை அனுப்பிவைத்தார். அக்கா எட்டாவது தேறியதும், எப்போது கொளுத்தப் போகிறாய் என்று அத்தை மறக்காமல் கேட்டாள். "இதுல எது என் ஓல, எது அடுத்தவன் ஓலன்னு தெரியல அண்ணி. மாத்திக் கொளுத்திட்டா எந்தப் பொண்ணுக்கு ஆவாதோ?" என்றார் மாமா. அத்தையும் சிரித்துவிட்டாள்.

என் முறை வந்தபோது களி கிண்டிக்கொண்டே அம்மா ஒன்று சொன்னாள். அவளுக்கும் ஓலைக் குடிசை கட்டினார்கள். அவளுடைய தாய்மாமன் அதை முறைப்படி கொளுத்தினார், படிப்பு நின்றது. அதுவரை தினமும் அவள் பாவாடையைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே பள்ளிக்கூடம் போய்வந்த பொடியன், மறுநாள் தனியாகப் போனான். வாசல் வரைக்கும் போய் நின்றான். அக்கா இல்லாமல் உள்ளே போக அவனுக்குத் தெரியவில்லை. திரும்பி வந்துவிட்டான். அதன்பிறகு எவ்வளவு அடித்தும் எந்தப் பள்ளிக்கூடத்துக்குள்ளும் அவன் கால் வைக்கவில்லை.

டீச்சரம்மாவுக்குப் பயந்துதான் மாமா அன்றைக்கு வாசலில் நின்றார் என்று நான் அத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் தன் அக்கா இறங்கி வரக் காத்திருந்தார்.