சுத்தம் செய்த பாட்டு

பழைய பாட்டுகளைத் தேடி அலைகிறவர்களை எனக்குப் பிடிக்காது. நானும் அதில் ஒருத்தி என்பதால் தைரியமாகச் சொல்கிறேன். ஒரு வீட்டில் சாவு விழுந்தால், காரியம் முடிவதற்குள் "பரண் மேல கேசட்டு ஏதாவது இருக்குதுங்களா" என்று விசாரிக்கப் போகிற ஜென்மங்கள் நாங்கள். அழுது வீங்கிய முகத்தோடு ஒரு பெண் ஏணியைப் பிடித்துக்கொள்ள, அவள் மாமனாரின் பெட்டியைக் கிளறியிருக்கிறேன். அதற்காக வெட்கப்பட்டதும் இல்லை. அந்தப் பெட்டியை அவர்கள் அடுத்த வாரம் காயலான் கடைக்குப் போட்டிருப்பார்கள்.

மற்றவர்கள் எல்லாம் பாட்டுகளைத் தேடினார்கள். நான் தேடியது ஒரே ஒரு பாட்டை. என் அம்மா பாடியது.

அம்மா மஞ்சள் காமாலையில் போனபோது எனக்கு நடக்கக்கூட வராது. முகத்துக்கு ஒரு போட்டோ இருக்கிறது, அதிலும் பாதி முகம் யாருடைய கல்யாண மாலைக்கோ பின்னால் மறைந்துவிட்டது. குரலுக்கு அதுகூட இல்லை. ஆனால் அவள் ஒரு கேசட்டில் பாடியிருக்கிறாள். களை எடுக்கிற இடத்தில் பாடிக்கொண்டிருந்தவளை ஒரு ஆள் கேட்டுவிட்டு, காவேரிப்பட்டினத்தில் ரேடியோ ரிப்பேர் கடைக்குப் பின்னால் வைத்திருந்த ரெக்கார்டிங் அறைக்குக் கூட்டிப்போய், எங்கள் ஊர் அம்மன் மேல் பாட வைத்தார். சுவரெல்லாம் சாக்கைத் தொங்கவிட்டிருந்த அறை. பாடும்போது மின்விசிறியை நிறுத்திவிடுவார்கள். பால் குடிக்கிற என்னை எங்கே விடுவது என்று மடியிலேயே வைத்துக்கொண்டு பாடினாளாம். இரண்டாவது சரணத்தில் நான் வீறிட்டு அழுதிருக்கிறேன். அம்மா என்னவோ சொன்னாள், சொன்ன கையோடு விட்ட இடத்தில் பாட்டைப் பிடித்துக்கொண்டாள். மறுபடி எடுக்க அந்த ஆளுக்குப் பொறுமை இல்லை. அழுகை, பேச்சு எல்லாவற்றோடும் அப்படியே கேசட் போட்டுவிட்டார். திருவிழாவில் மைக் செட்டில் அந்த இடம் வந்தால் ஊரே சிரிக்குமாம்.

இதையெல்லாம் சொன்னது பெரியம்மா. அம்மா அப்போது என்ன சொன்னாள் என்று கேட்டால் மட்டும் தரத்துக்கு ஒன்று சொல்வாள். ஒரு தரம், "என் தங்கமே, செத்த பொறுடின்னா." இன்னொரு தரம், "அழாத கண்ணு, அம்மா இங்கதான கீறேன்னா." அப்பாவைக் கேட்டால், "ஏதோ சொன்னா. இப்ப அதுக்கு என்ன?" என்று எழுந்து போய்விடுவார். ஊரில் மற்றவர்களுக்குச் சிரித்தது மட்டும்தான் ஞாபகம். அவருக்கு இரண்டாவது கல்யாணம் ஆகிப் பிள்ளைகளும் வளர்ந்துவிட்டார்கள். அவருக்கு என்ன, போகலாம்.

எனக்கு அந்த ஒரு பேச்சு வேண்டும். அம்மா என்னிடம் பேசிய வார்த்தை ஏதோ ஒரு நாடாவில் சுருண்டு கிடக்கிறது, அதைக் காதால் கேட்டுவிட வேண்டும். பாட்டு நன்றாக இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன.

ஓசூரில் வண்டிப் பாகங்கள் செய்கிற கம்பெனியில் குவாலிட்டியில் இருக்கிறேன். நாள் முழுக்க எது கோணல் என்று பார்த்து ஒதுக்குகிற வேலை. ஞாயிற்றுக்கிழமை ஆனால் பஸ் ஏறிவிடுவேன். ராயக்கோட்டை, சூளகிரி, கிருஷ்ணகிரி, எல்லையைத் தாண்டி அத்திப்பள்ளி, ஆனேக்கல். மூடிப்போன கேசட் கடைகளின் பின்கட்டு, மைக் செட்காரர்களின் பரண், பழைய இரும்புக் கடைகளின் மூலை. எழுத்து அழிந்த கேசட்டுகளை மஞ்சப்பையில் அள்ளி வந்து, வாடகை வீட்டில் டேப் ரெக்கார்டரில் ஒவ்வொன்றாய்ப் போட்டுக் கேட்பேன்.

என்னென்ன இருந்தது என்கிறீர்கள். தக்காளிப் பூச்சி மருந்துக்கு டிஸ்கோ மெட்டில் ஒரு பாட்டு, அதில் புழுவாக நடித்தவர் உயிரைக் கொடுத்து அலறியிருந்தார். ஹெல்மெட் போடச் சொல்லி ஏதோ ஒரு தொழிற்சாலையின் பாதுகாப்பு வாரத்துக்குத் தெம்மாங்கு. தெலுங்கில் கல்யாண நலுங்குப் பாட்டு, நடுவில் சாம்பாருக்கு உப்பு பத்தவில்லை என்று ஒரு குரல். செத்துப்போன ஒரு பண்ணைக்காரருக்காகக் கூலிக்கு ஆள் வைத்துப் பாடிய ஒப்பாரி. அவ்வளவு அழுகையையும் அவருடைய பேரன் எடைக்குப் போட்டிருந்தான். முகவரி கண்டுபிடித்துப் போய்க் கேட்டபோது, "எங்க தாத்தாவுக்கா? யாரு அழுதாங்க?" என்றான்.

கன்னடத்தில் ஒரு பெண் பாடிய பாட்டு ஒன்று உண்டு. ஆர்மோனியம் மட்டும்தான் துணை. பேர் இல்லை, ஊர் இல்லை. அதைக் கைப்பேசியில் ஏற்றிக் கேட்டுக்கொண்டு வேலைக்குப் போன அன்று இறங்க வேண்டிய ஸ்டாப்பைத் தவறவிட்டேன். அப்படி ஒரு குரல். அவளையும் யாரும் கேட்கவில்லை. அந்தக் குரலுக்கே அந்தக் கதி என்றால், களை வெட்டிய என் அம்மாவின் கேசட்டை எவன் பத்திரமாக வைத்திருக்கப் போகிறான் என்று அன்றைக்கு எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது.

போன வருஷம், மத்தியானச் சாப்பாட்டு இடைவேளையில், கேன்டீனில் உட்கார்ந்திருந்தபோது கிடைத்தது. கைப்பேசி தானாக ஒரு பாட்டை எடுத்து நீட்டியது. யூடியூபில், பழைய பாட்டுகளைச் சுத்தம் செய்து போடுகிற ஒருவரின் சேனல். எங்கள் ஊர் அம்மன் பெயர். கீழே, "பாடியவர் யாரென்று தெரியவில்லை." பெரியம்மா முணுமுணுத்துப் பழகிய மெட்டு, முதல் வரியிலேயே தெரிந்துவிட்டது.

அம்மாவுக்கு என்னைப் போலக் கீச்சுக் குரல் இல்லை. அடித்தொண்டையிலிருந்து எழும்பி வருகிற கனத்த குரல். சாப்பாட்டுத் தட்டில் கையை வைத்தபடி கேட்டேன். முதல் சரணம் முடிந்தது. இரண்டாவது சரணம் வந்தது. சரணம் முடிந்து பம்பைச் சத்தம் வந்து பாட்டும் முடிந்துவிட்டது. அழுகையும் இல்லை, பேச்சும் இல்லை. திரும்பப் போட்டேன், திரும்பப் போட்டேன். எதிரே உட்கார்ந்திருந்த பெண், "என்னக்கா, சோறு காயுது" என்றாள்.

கீழே ஆட்கள் எழுதியிருந்தார்கள். "என்ன தெளிவு!" "ஸ்டுடியோ தரம், அண்ணா!" "தெய்வீகம்!"

அடுத்த ஞாயிறு, சேனலில் போட்டிருந்த முகவரியைப் பிடித்துக்கொண்டு பேரிகை என்கிற ஊருக்குப் போனேன். அந்தச் சேனல்காரருக்கு நாற்பது வயதிருக்கும். வீட்டில் தெலுங்கு, என்னிடம் தமிழ். நல்ல மனிதர் என்பதுதான் கொடுமை. மனைவி காபி கொண்டுவந்தாள். நான் யார் என்று சொல்லவில்லை, பழைய பாட்டுப் பிரியை என்று மட்டும் சொன்னேன். மனிதர் பூரித்துப்போய்க் கம்ப்யூட்டரைத் திறந்து தன் வேலையைக் காட்டினார்.

"இந்த அம்மன் பாட்டு இருக்குது பாரும்மா, இதுல பட்ட பாடு எனக்குதான் தெரியும். சூளகிரி சந்தையில கெடச்சது. இரைச்சல் ஒரு பக்கம், அது போவுது. நடுவுல ஒரு கொழந்த! என்னா கத்து கத்துது! இந்த அம்மா வேற அதுங்கூடப் பேசிக்கினு இருக்குது. சாமி பாட்டும்மா, கேக்கறவங்களுக்கு ஒரு பக்தி வர வாணாமா?"

"அப்புறம்?"

"அந்தத் துண்ட வெட்டிட்டேன். வெட்டுன எடம் தெரியாம இருக்க, முன்னாடி வர்ற பம்பைய எடுத்து ஒட்டிட்டேன். யாராலயும் கண்டுபுடிக்க முடியாது."

வெட்டாத பிரதி இருக்கிறதா என்று கேட்டேன்.

"அத வெச்சுக்கினு என்னம்மா பண்றது? எடத்த அடைக்குது. அழிச்சுடுவேன்."

"கேசட்டு?"

அவர் ஜன்னல் வழியாகக் கையைக் காட்டினார். வீட்டுக்குப் பின்னால் ராகிக் கொல்லை. கதிர் முற்றி நின்றது. கொல்லை நெடுக்கக் குச்சிகளை நட்டு, கேசட் நாடாவை இழுத்துக் கட்டியிருந்தார்கள். எங்கள் பக்கத்தில் எல்லோரும் செய்வதுதான். காற்றில் நாடா படபடத்து மினுக்கினால் குருவி இறங்காது. இப்படிக் கட்டிய எத்தனையோ கொல்லைகளைப் பஸ்ஸில் கடந்து போயிருக்கிறேன்.

"சுத்தம் பண்ணி ஏத்தியாச்சுன்னா அப்புறம் அதுக்கு என்ன வேல? பூஞ்சை வேற. இப்படியாவது உதவுதேன்னு."

கொல்லைக்குப் போய் நின்று பார்த்தேன். பத்துப் பதினைந்து கேசட்டின் நாடாவாவது இருக்கும், எது யாருடையதென்று எப்படித் தெரியும். வெயிலிலும் மழையிலும் பழுப்பு உதிர்ந்து சில இடங்களில் வெறும் பிளாஸ்டிக்காகத் தெரிந்தது. ஒன்றைத் தொட்டேன். விரலில் துரு மாதிரி ஒட்டியது. அந்த மனிதரின் கழுத்தை நெரிக்க வேண்டும் போல இருந்தது. அவரோ பின்னாலேயே வந்து, "பாத்து வாம்மா, ஓரத்துல முள்ளு" என்றார்.

ஒன்று மட்டும் மிச்சம் இருந்தது. அந்த நாடாவைக் கடைசியாகக் கேட்ட காது இவருடையது.

"அந்த அம்மா கொழந்தகிட்ட என்ன பேசுச்சுங்கண்ணா?"

"பேசுச்சா? ஏதோ பேசுச்சு." நிஜமாகவே யோசித்தார். நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "அதையெல்லாம் யாரும்மா கேட்டா? எங்க ஆரம்பிக்குது, எங்க முடியுதுன்னுதான் பாத்தேன். அந்தக் கொழந்த கத்துனது மட்டும் இன்னும் காதுலயே நிக்குது."

"அது நான்தாங்கண்ணா."

அவருக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் முகம் மலர்ந்துவிட்டது. மனைவியைக் கூவி அழைத்தார். பாடியவரின் மகள் நம் வீடு தேடி வந்திருக்கிறாள் என்று தெலுங்கில் சொன்னார். பிறகு என்னைப் பார்த்து, "ஒரு சின்னப் பேட்டி எடுத்துக்கலாமாம்மா? சேனல்ல போட்டா ஜனங்க உருகிப்போய்டுவாங்க" என்றார். நான் பஸ் ஸ்டாப்புக்கு நடந்தேன். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். கண்டக்டர் டிக்கெட் கேட்கவும் தயங்கினார்.

அப்பாவிடம் போனது சண்டை போடத்தான். அவர் கிருஷ்ணகிரி ரோட்டில் ஒரு கம்பெனி வாசலில் செக்யூரிட்டியாக இருக்கிறார். முன்பு பிறத்தியார் நிலத்தில் கூலி, இப்போது பிறத்தியார் கேட்டில் சல்யூட். அதற்கடுத்த வார விடுமுறையில் வீட்டுக்குப் போனேன். சின்னம்மா கடைக்குப் போயிருந்தாள். கைப்பேசியை அவர் முன்னால் வைத்துப் பாட்டைப் போட்டேன்.

முதல் வரிக்கே நிமிர்ந்துவிட்டார். லுங்கியை இழுத்துவிட்டுக்கொண்டு, யாரோ பெரிய மனிதர் வந்துவிட்டதுபோல நேராக உட்கார்ந்தார். இரண்டாவது சரணம் வரும்போது அவர் தோள் இறுகுவது தெரிந்தது. அந்த இடத்துக்காக அவரும் காத்துக்கொண்டிருந்தார். அது வராமலே சரணம் தாண்டியது. மெல்ல மூச்சு விட்டார்.

"சத்தத்த எடுத்துட்டாங்களா?"

"எடுத்துட்டாங்க. என்ன சொன்னான்னு இப்பவாவது சொல்லு. உன்னத் தவிர கேக்க இனிமே யாரும் இல்ல."

அப்பா வாசலை ஒரு தரம் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தார்.

"உங்க பெரியம்மா சொல்றதெல்லாம் பொய்யி. அவ அங்க வரவேயில்ல. நான்தான் ஓரமா நின்னுக்கினு இருந்தேன். உங்கிட்ட அவ ஒண்ணும் பேசல. என்னப் பாத்துதான் சொன்னா. 'இத வெளிய எடுத்துக்கினு போய்யா, என் பாட்டு போச்சு'ன்னா. அதுக்குதான் ஊரே சிரிச்சுது."

நான் கைப்பேசியைக் கையில் எடுத்துக்கொண்டேன்.

"இன்னொரு தரம் பாடறேன்னு அந்த ஆள் கால்ல உழாத கொறையாக் கெஞ்சினா. அவன் முடியாதுன்னுட்டான், அப்புறம் கூப்புடவும் இல்ல. அந்த வருஷத் திருவிழாவுல அந்தக் கேசட்டு போட்டப்பல்லாம் வெளியவே வரல, கதவச் சாத்திக்கினா. ஆஸ்பத்திரியில படுத்துக்கினு கெடக்கும்போதும் அதே பேச்சுதான். அந்தச் சத்தத்த மட்டும் எடுத்துட்டு போட்டாங்கன்னா எப்படி இருக்கும்னுவா. உனக்கு எதுக்கு இதெல்லாம்னுதான் நான் வாயே தொறக்கல."

பேரிகைக்காரர் மேல் அத்தனை நாளாக வைத்திருந்த ஆத்திரம் முழுவதும் அந்த நிமிஷத்தில் செத்துப்போன ஒருத்தி மேல் திரும்பியது. அடுத்த நிமிஷம் அதுவும் நிற்கவில்லை. அவள் வாழ்ந்த காலத்தில் கேட்டது அந்தச் சத்தம் இல்லாத பாட்டை, நான் ஓட ஓடத் தேடியது அந்தச் சத்தத்தைத்தான், இரண்டு பேருக்கும் சேர்த்துக் கிடைக்க வழியே இருந்ததில்லை.

அப்பா தோள் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவர் முகத்தில் இருந்தது சந்தோஷம். அதை என்னிடம் மறைக்க வேண்டும் என்றுகூட அவருக்குத் தோன்றவில்லை.

"நல்லா பாடியிருக்கா இல்ல? இன்னொரு தரம் போடு" என்றார்.

போட்டேன்.